வன்னிக்கு வேலையாய் வந்தால் காலையில் எங்கே ஓடுவது?

கணக்காய்வு வேலை என்றால் ஊர் ஊராக அலைச்சல்தான். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, சில வேளை மன்னார் என்று விடுதிகளிலும் அரச குவார்ட்டர்ஸ்களிலும் தங்கித்தான் என் வேலை நாட்கள் போகின்றன. எங்கே போனாலும் கோப்புகளுக்கு அடியில் ஓடுகிற சப்பாத்து இருக்கும். கொழும்பிலிருந்து பயிற்சிக்கு வருகிற பெண்களும், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்கிற சொந்தக்காரப் பிள்ளைகளும் அதைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "இங்க எங்க அக்கா ஓடுறது? ஏ9 றோட்டில லொறிக்குப் பக்கத்தாலயோ?"

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை போகிற ஏ9 பெருவீதியில் ஓட வேண்டாம். விடிவதற்கு முன் இரவு பஸ்களும் லொறிகளும் போகிற வேகத்துக்கு அது ஓடுகிறவருக்கான வீதி அல்ல. கிளிநொச்சியோ வவுனியாவோ, அந்த வீதியை விட்டு ஒரு கிலோமீற்றர் உள்ளே போனாலே வேறொரு ஊர் தொடங்கிவிடும். அந்த ஊரைக் கண்டுபிடிக்கிற வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் குளத்தைத் தேடுங்கள். மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம், பண்டாரிக்குளம் என்று ஊர்ப்பெயரிலேயே குளம் இருக்கிற நாடு இது. குளம் இருந்தால் கட்டு இருக்கும். வன்னியில் ஓடுவதற்குக் குளக்கட்டை விட நல்ல பாதை கிடையாது. உயரமாக இருக்கும், வாகனம் குறைவு, ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். வழி தவறவும் முடியாது. போன வழியாலேயே திரும்பி வந்தால் சரி.

எந்தப் பக்கம் கட்டு என்று போய்ப் பார்க்காமலே சொல்லலாம். இரவு படுக்கும்போது கைபேசியில் கூகுள் மேப்பைத் திறந்து செய்மதிப் படத்துக்கு மாற்றுங்கள். குளத்தின் ஒரு விளிம்பு கோடு பிடித்த மாதிரி நேராகவோ மெல்ல வளைந்தோ இருக்கும். அதுதான் கட்டு. எதிர்ப்பக்கம் கை விரல்களை விரித்த மாதிரி காட்டுக்குள்ளே நீண்டு கிடக்கும். அது அலைகரை. அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. அங்கே சேறும் முள்ளுப் பற்றையும் மாடு போன தடமும்தான். முதலை பெரும்பாலும் படுத்திருப்பதும் அந்தப் பக்கந்தான். கட்டை ஒட்டி வயல் தெரிகிறதா, வயலுக்குள் வாய்க்கால் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வாய்க்கால் ஓரமாகப் பெரும்பாலும் ஒரு கிறவல் (சரளை) வீதியும் போகும். கட்டு ஒரு கிலோமீற்றர்தான் என்றால் அந்த வாய்க்கால் வீதியைச் சேர்த்துக்கொண்டு ஓட்டத்தை நீட்டலாம். சின்னப் பாதைகளைப் பார்க்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் செயலி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். விடுதி வைஃபையிலேயே வரைபடத்தை இறக்கி வைத்தால் காட்டுப் பக்கம் சிக்னல் போனாலும் கை கொடுக்கும்.

சூரியன் எங்கே எழும்பும் என்பதையும் இதே படத்தில் கணித்துவிடலாம். ஆறு எந்தத் திசைக்கு ஓடுகிறதோ, குளத்தின் அந்தத் திசையில்தான் கட்டைப் போட்டிருப்பார்கள். வவுனிக்குளம் பாலியாற்றை மறித்துக் கட்டியது. பாலியாறு மேற்குக் கடலுக்குப் போகிறது. ஆகவே அந்தக் கட்டில் நின்றால் தண்ணீருக்கு மேலால் விடியும். முத்தையன்கட்டுக் குளம் பேராற்றில் இருக்கிறது. பேராறு நந்திக்கடல் பக்கம் போகிறது. அங்கே தண்ணீருக்கு மேல் பொழுது படுவதைப் பார்க்கலாம். இரணைமடுவின் கனகராயன் ஆறு வடக்கே சுண்டிக்குளம் பக்கம் ஓடுவதால் கட்டு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காலையில் கிழக்கு நோக்கி ஓடினால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். வெளிச்சம் வந்ததும் கிழக்கே போய், வெயில் ஏறும்போது மேற்கே திரும்புகிற மாதிரி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதும் இங்கே காலை 5.50 க்கும் 6.30 க்கும் இடையில்தான் ஏறக்குறைய விடிகிறது. ஆனி மாதம் வெள்ளென, தை மாதம் பிந்தி. எட்டு மணிக்குப் பிறகு வெயில் விடாது.

குளக்கட்டு என்றால் என்ன மாதிரி இருக்கும் என்று தெரியாமல் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே கிறவல். பெரிய குளங்களில் ட்ராக்டர் போகிற அளவுக்கு அகலம், சின்னக் குளங்களில் சைக்கிள் தடம் ஒன்றுதான். தண்ணீர்ப் பக்கம் அலை அரிக்காமல் கல் அடுக்கியிருப்பார்கள். வயல் பக்கச் சரிவில் புல். நடுவில் எங்கேயாவது துருசு இருக்கும், வயலுக்குத் தண்ணீர் விடுகிற கதவு. அதற்குப் பக்கத்தில் ஒரு மருதமரமும் அதன் கீழே ஒரு பிள்ளையாரும் பெரும்பாலும் இருப்பார்கள். ஒரு அந்தத்தில் வான். குளம் நிறைந்தால் தண்ணீர் வெளியே பாய்கிற இடம் அது. கால் பட்டதும் ஆட்காட்டிக் குருவி ஒன்று எழும்பிக் கத்திக்கொண்டு உங்களுக்கு முன்னாலேயே பறக்கும், கொஞ்சத் தூரத்தில் இறங்கும், நீங்கள் கிட்டப் போனதும் திரும்ப எழும்பும். பட்ட மரத்தில் நீர்க்காகம் செட்டையை விரித்துக் காய வைத்திருக்கும். தாமரை உள்ள குளமென்றால் ஆறரைக்குள் போய்விடுங்கள், பூ முழுவதும் விரிகிற நேரம் அது. கட்டின் கிறவலில் உருளுகிற சின்னக் கல் அதிகம். கணுக்கால் பிரளாமல் இருக்க ட்ராக்டர் சில்லு அழுத்தின தடத்திலேயே ஓடுங்கள்.

ஊர்வாரியாக என் தெரிவைச் சொல்கிறேன். வவுனியாவில் தங்கினால் ஓட்டோ பிடிக்கத் தேவையே இல்லை. வவுனியாக்குளம், வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம் எல்லாம் நகரத்துக்குள்ளேயே. ஆனால் நகரத்துக் குளத்தில் காலை ஆறு மணிக்கே நடக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், வேகமாக ஓட இடம் குறைவு. நான் அதை மெதுவான நாளுக்கு வைத்துக்கொள்வேன்.

கிளிநொச்சியில் இரணைமடுதான். வட மாகாணத்தின் ஆகப் பெரிய குளம், நூறு வருடத்துக்கு முன் கட்டியது. ஏ9 இல் இரணைமடுச் சந்தியால் கிழக்கே திரும்பினால் போய்ச் சேரலாம். கட்டுக்குக் கிட்ட கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கிறது. கட்டில் ஏறியதும் தண்ணீருக்கு அக்கரை தெரியாத அளவுக்கு அகலம். அதைப் பார்க்காமல் கிளிநொச்சியிலிருந்து யாரும் திரும்பக் கூடாது என்பது என் எண்ணம். அந்தக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் வயல்களுக்குள்ளால் கன தூரம் போகின்றன. கட்டுவரை போக நேரமில்லாத நாளில் வாய்க்கால் வீதியில் ஓடுவேன். மார்கழி, தை மாதங்களில் இரண்டு பக்கமும் பச்சை. காற்று அடிக்கிறபோது நெற்பயிர் அலை அலையாய்ச் சாயும்.

முல்லைத்தீவில் கடற்கரை. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்குக் கரைவலை இழுக்கிறார்களா? இழுத்தால் கயிறு தண்ணீரிலிருந்து மணலுக்கு மேலே நீண்டு கிடக்கும், ஆட்கள் இரண்டு வரிசையாய் நின்று இழுப்பார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். அவர்களுக்குப் பின்பக்கத்தால், மேட்டு மணலால் சுற்றிப் போங்கள். நம்முடைய கடலில் வற்றும் பெருக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆகவே இறுகின ஈர மணல் ஒடுக்கமான பட்டியாகத்தான் கிடைக்கும். அது சரிவாகவும் இருக்கும். ஒரே பக்கம் நெடுக ஓடினால் இடுப்பு நோகும், கொஞ்சத் தூரத்தில் திரும்பிவிடுங்கள். பழைய வட்டுவாகல் பாலம் பார்க்க அழகு, இரண்டு பக்கமும் தண்ணீர். ஆனால் ஒடுக்கம், வாகனம் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஓடுவதற்குச் சரிவராது.

மன்னார்ப் பக்கம் முருங்கனில் நிற்க நேர்ந்தால் கட்டுக்கரைக்குளம் இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அந்தப் பக்கம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று சும்மா விடாது. காற்றுக்கு எதிரே தொடங்கி, களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள்.

சரி, படத்தில் பாதை தெரிகிறது என்பதற்காக விடியக்காலையில் எழும்பி ஓடிவிடக் கூடாது. வன்னியில் ஒரு பாதை அழகா என்பதைப் படம் சொல்லும். போகலாமா என்பதை இன்று காலை அதால் போன ஆள்தான் சொல்வார். இதை நான் இறுக்கமாகவே சொல்கிறேன். போரின் மிதிவெடிகளில் பெரும்பகுதியை அகற்றிவிட்டார்கள், ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, சிவப்புப் பூசிய கட்டைகளோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் இல்லை. அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும், ஆட்கள் நாளாந்தம் பாவிக்கிற தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள், படம் எடுக்கவும் இறங்காதீர்கள், ஒன்றுக்குப் போகவும் இறங்காதீர்கள். கிறவலில் புதுச் சைக்கிள் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புல் மூடின பாதை எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது எனக்கு வேண்டாம்.

ஆகவே முதல் நாள் பின்னேரமே கேட்டு வையுங்கள். விடியக் கடைசியாக ஒருமுறை தேத்தண்ணிக் கடையில் கேளுங்கள், ஐந்து மணிக்கே திறந்திருக்கும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம். "இங்க வடிவான இடம் எது?" என்று கேட்டால் கோயிலைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் முறிகண்டியில் கச்சான் வாங்கச் சொல்வார்கள். அதைவிட இப்படிக் கேளுங்கள்: "பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில போற குறுக்குப் பாதை எது?" பிள்ளைகள் போகிற பாதை என்றால் அது துப்பரவான பாதை, ஏழு மணிக்குள் ஆள் நடமாட்டமும் இருக்கும். அடுத்தது: "இந்தக் கட்டால போனா எங்க போய் ஏறும்?" மூன்றாவது, மறக்கவே கூடாதது: "இரவு யானை வந்ததோ?"

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கங்களில் யானை உண்மையான விஷயம். இரவு வயலுக்கு வந்து, விடிகிற நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும். நாம் ஓடத் தொடங்குகிற அதே நேரம். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு காலை கட்டில் ஏறப் போகும்போது, மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஒரு ஐயா காலை ஊன்றி நின்றார்.

"பிள்ளை, எங்க போறியள்?"

"கட்டால ஒருக்கா ஓடிட்டு வருவம் எண்டு, ஐயா."

"துருசுக்கு அங்கால போகாதேங்கோ. லத்தி ஆவி பறக்குது. நான் இப்பதான் பாத்திட்டு வாறன்."

நான் அன்றைக்குத் துருசு வரைக்கும் கூடப் போகவில்லை. ஊர் மனைகளுக்கு நடுவே போகிற ஒழுங்கையில் நாலு தரம் மேலும் கீழுமாக ஓடினேன். புது லத்தி, முறிந்து பால் வடிகிற கொப்பு, ஈர மண்ணில் தட்டளவு காலடி, இவற்றில் எது கண்டாலும் திரும்புங்கள். காது பொத்திப் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட வேண்டாம், கொப்பு முறிகிற சத்தம் கேட்க வேண்டும். வயலைச் சுற்றிய மின்வேலியைத் தொட வேண்டாம். வெளிச்சம் நன்றாக வந்த பிறகே காட்டோரக் கட்டுகளுக்குப் போங்கள். இருட்டில் ஓடத்தான் வேண்டுமென்றால் நகரத்துக் குளத்தோடு நில்லுங்கள்.

நாய்க்குப் பயந்தே பலர் ஓட்டத்தை விடுகிறார்கள். நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். குனிந்து கல் எடுக்கிற மாதிரிக் காட்டினாலே பெரும்பாலும் பின்வாங்கிவிடும். நான் பூவரசங்கம்பு ஒன்றைக் கையில் வைத்திருப்பேன், அடிக்க அல்ல, எனக்கும் நாய்க்கும் நடுவில் பிடிக்க. கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எருமைப் பட்டி கட்டால் வந்தால் வயல் பக்கச் சரிவுக்கு ஒதுங்கி நின்று விடுங்கள். அவை தம்பாட்டில் போகும். அறுவடை முடிந்த வயல் வரம்பில் ஓடாதீர்கள், புடையன் பாம்பு கிடக்கும்.

படைமுகாம் வேலி கண்டால் அதோடு ஒட்டி ஓடாமல் திரும்பிவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். அடையாள அட்டை எப்போதும் இருக்கட்டும். மறித்துக் கேட்டால் எங்கே தங்குகிறோம், என்ன வேலை என்று நின்று நிதானமாகச் சொன்னால் போதும். கொஞ்சக் காசு, சார்ஜ் உள்ள கைபேசி, சின்னப் போத்தலில் தண்ணீர். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ். விடுதிக் காவலாளியிடம் "இந்தக் கட்டுக்குப் போறன், ஏழு மணிக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் இதை ஒரு நாளும் விடுவதில்லை.

பெண்கள் தனியே ஓடலாமா என்று கேட்டால், ஓடலாம், நான் ஓடுகிறேன். நீளமான ரீசேட், முழுக்காற்சட்டை. முதல் நாள் பின்னேரம் அதே பாதையில் ஒருக்கால் நடந்து, கடைக்காரருக்கும் வளவு கூட்டுகிற அம்மாமாருக்கும் முகத்தைக் காட்டி நாலு வார்த்தை கதைத்துவிடுங்கள். அடுத்த நாள் காலை நீங்கள் அந்நியர் அல்ல. "ஏன் பிள்ளை ஓடுறியள், ஏறுங்கோ விட்டிட்டுப் போறன்" என்று மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் உண்மையான கரிசனையோடு கேட்பவர்கள்தான். "உடம்புக்காக ஓடுறன் அண்ணை" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். மனசுக்கு ஒவ்வாத ஆள் என்றால் பதில் சொல்லாமல் கிட்டின வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். வன்னியில் எந்த வீட்டிலும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

ஓடக்கூடாத இடங்களும் உண்டு. முள்ளிவாய்க்காலில் நான் ஓடமாட்டேன். 2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின மண் அது. அங்கே போனால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடப்பேன். போரில் இறந்த போராளிகளைப் புதைத்த துயிலுமில்லக் காணிகளிலும் அப்படித்தான். குளக்கட்டுப் பிள்ளையாருக்கு முன்னால் வந்தாலும் நடைக்கு மாறுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் நாட்களில் அங்கே போகிற வீதி முழுக்க நேர்த்திக்கு நடந்து வருகிற சனம். அந்தச் சனத்துக்குள்ளால் வேகமாக ஓடுவது அழகல்ல.

மாரி மழையில் விளைகிற காலபோக நெல்லின் அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் உள்வீதிகளின் பாதியில் நெல் காயும். நெல்லில் ஒரு மணி கூட மிதிபடாமல் மற்றப் பாதியால் போங்கள். வாகனம் வந்தால் நின்று வழி விடுங்கள். காலையில் நெல்லை விரிக்க ஆட்கள் வந்து நிற்பார்கள், ஒரு "என்ன மாதிரி விளைச்சல்?" கேட்டுப் பாருங்கள், அந்த ஊரின் அடுத்த நல்ல பாதையை அவர்களே சொல்லித் தருவார்கள். வரைபடத்தில் இல்லாத பாதைகள் பலவற்றை நான் அப்படித்தான் அறிந்தேன்.

ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி. கிறவல் சேறாகும், கட்டின் ஓரம் இளகும். குளம் நிறைந்து வான் பாய்கிற நாளில் கட்டுக்குப் போகாதீர்கள், வான் கடக்கிற தாழ்ந்த பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் என்றாலும் இறங்காதீர்கள். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தபோது கீழே இருந்த ஊர்கள் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் பள்ளிக்கூட மைதானத்தில் அதிபரிடமோ காவலாளியிடமோ கேட்டுச் சுற்றி ஓடுங்கள். மழை விட்டு, தண்ணீர் வடிந்து, முதல் சைக்கிள் தடம் கட்டில் விழுந்த பிறகு குளத்துக்குப் போகலாம்.